சபூர் என்னும் நெடுநோக்கு: கடையநல்லூர் முதல் தஞ்சோங் பகார் வரை

முன்னுரை

சாரல் தொடங்குவதற்கு முன்னர்க் கீழப்பாவூர்ப் பெரியகுளத்தின் கரையில் நின்று நோக்குவோர்க்கு ஒரு காட்சி புலப்படும். குளத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குற்றால மலையில் மேகம் திரண்டிருக்காது. சிற்றாற்றில் நீரோட்டம் மெலிந்திருக்கும். ஆயினும் பயிர்த்தொழில் அறிந்த பெரியவர்கள் அந்நாளில்தான் வரத்துக்காலைத் தூர் வாருதல் வேண்டும், மடையைச் செப்பனிடுதல் வேண்டும் என்பர். நீர் வந்த பின் மடையைத் திருத்த முயல்வது வீண் முயற்சியாகும். வறண்ட குளத்தில் மண்வெட்டி பிடிப்பவன் நீரைக் காணவில்லை. நீர் வரும் என்பதை மட்டும் மறவாதிருக்கின்றான்.

காத்திருத்தலும் உழைத்தலும் இவ்வாறு ஒன்றாய் இணையும் நிலைக்கு இஸ்லாமிய மரபு 'ஸப்ரு' எனப் பெயரிட்டுள்ளது. நம் இல்லங்களின் பேச்சு வழக்கில் அது 'சபூர்' ஆகும். இறப்பு நேர்ந்த வீட்டிலும், வாணிகம் நொடித்த வீட்டிலும், வேலை மறுக்கப்பட்ட இளைஞனிடத்திலும், பழிச்சொல் கேட்டு மனம் புண்பட்டவரிடத்திலும் நம் பெரியவர்கள் முதலில் கூறுவது 'சபூர் செய்யுங்கள்' என்பதே. அச்சொல் பலருக்கு ஆறுதல் அளித்துள்ளது. ஆனால் சில வேளைகளில் அது வாயை அடைக்கும் சொல்லாகவும் பயன்பட்டுவிடுகின்றது. 'எத்தனை நாளைக்குச் சபூர் செய்வது? சபூர் செய்தால் என்ன நடக்கும்?' என நம் மாணவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவைக் குறும்பு என ஒதுக்குதல் முறையன்று. மறை கூறும் பொருள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு, தமிழ் முஸ்லிம்களின் வரலாறு ஆகிய மூன்றையும் துணைக்கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஸப்ரு என்னும் அரபுச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'பிடித்து நிறுத்துதல்' என்பதாகும். மனம் சிதறி ஓடாமலும், நா வரம்பு மீறாமலும், கை தகாதன செய்யாமலும் பிடித்து நிறுத்துவதே ஸப்ரு. எனவே அது செயலின்மையைக் குறிக்கும் சொல்லன்று. வலிமையைக் குறிக்கும் சொல்லாகும். மார்க்க அறிஞர்கள் இதனை மூவகையாகப் பகுப்பர். கடமைகளில் நிலைத்து நிற்கும் பொறுமை ஒன்று. பாவத்திலிருந்து விலகி நிற்கும் பொறுமை மற்றொன்று. துன்பத்தைத் தாங்கும் பொறுமை மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியானதை மட்டுமே நாம் பொறுமை என எண்ணிப் பழகிவிட்டோம். நாள்தோறும் பாடம் படிக்கும் மாணவனும், இலஞ்சத்தை மறுக்கும் அலுவலரும் ஸப்ரு உடையவர்களே என்பது கருதத்தக்கது.

திருக்குர்ஆனின் 103ஆம் அத்தியாயமாகிய 'அல் அஸ்ரு', நட்டமடையாதவர்களின் இயல்புகளைக் கூறுமிடத்துச் சத்தியத்தையும் பொறுமையையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. உண்மையைக் கைவிட்ட பொறுமை பொறுமையாகாது என்பது இதனால் பெறப்படும்.

'அழகிய பொறுமை' என்னும் தொடருக்கு உரியவராக நாம் போற்றுபவர் யஃகூப் நபி (அலை) அவர்கள். யூசுப் அத்தியாயம் காட்டும் அவரது நிலை ஊன்றி நோக்கத்தக்கது. மகனை இழந்த அவர் அழுதார். கண்கள் வெளுத்துப் போகும் அளவிற்கு அழுதார். தம் துயரை இறைவனிடம் முறையிட்டார். முதுமையில் தம் பிள்ளைகளை அழைத்து, யூசுபையும் அவர்தம் தம்பியையும் தேடி வருமாறும், இறையருளில் நம்பிக்கை இழக்காதிருக்குமாறும் பணித்தார். ஆகவே அழுதலும், முறையிடலும், தேடுதலும் பொறுமைக்கு மாறானவை அல்ல. நம்பிக்கையை விட்டுவிடுவதே அதற்கு மாறானது.

வள்ளுவரும் இத்தகைய நுட்பம் உணர்ந்தே அதிகாரங்களை அமைத்துள்ளார் எனலாம். பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலைப் பொறையுடைமை எனத் தனி அதிகாரமாக (16) வைத்த அவர், வந்த துன்பத்திற்குக் கலங்காமையை இடுக்கண் அழியாமை என வேறோர் அதிகாரமாக (63) வைத்தார். அதற்கு முன் நிற்கும் அதிகாரம் ஆள்வினையுடைமை (62) என்பது நம் கருத்திற்கு அரண் செய்கின்றது. முயற்சியைக் கூறிய பின்னரே கலங்காமையைக் கூறுகின்றார். முயலாதவனின் கலங்காமைக்கு வள்ளுவத்திலும் இடமில்லை.

நபி வரலாறு காட்டும் இரு படிப்பினைகள்

மக்காவில் குறைஷியர் ஹாஷிம் கிளையாரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஊர்விலக்கம் செய்து வைத்தனர். கொள்வினை, கொடுப்பினை, வாணிகம் யாவும் மறுக்கப்பட்டன. அபூதாலிபின் கணவாயில் குழந்தைகள் பசியால் அழுத குரல் வெளியே கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். இவ்விலக்கம் முடிவுக்கு வந்த முறை நம் கவனத்திற்குரியது. ஹிஷாம் இப்னு அம்ரு, முத்இம் இப்னு அதீ போன்ற, இஸ்லாத்தை ஏற்காதிருந்த மக்காவாசிகள் சிலரே அநீதியைப் பொறாது எழுந்து ஒப்பந்தத்தைக் கிழிக்க முற்பட்டனர். கஅபாவில் தொங்கவிடப்பட்டிருந்த அவ்வொப்பந்தத்தைக் கறையான் அரித்திருந்தது என்பதும் வரலாற்றுச் செய்தி. பொறுமை இறைவன்பால் கொண்ட நம்பிக்கையோடு, அயலாரின் மனச்சான்றின்மீது கொண்ட நம்பிக்கையையும் உள்ளடக்கியது என்பது இதன் படிப்பினை. எதிரணியில் நிற்போர் அனைவரும் ஒரே தன்மையர் என முடிவு கட்டுபவன் பொறுமையின் பாதி வழியை அடைத்துவிடுகின்றான்.

இரண்டாவது ஹுதைபிய்யா உடன்படிக்கை. கி.பி. 628இல் உம்ரா செய்ய நாடி ஏறத்தாழ ஆயிரத்து நானூறு தோழர்களுடன் புறப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிற்குள் நுழைய இயலாது திரும்பினார்கள். உடன்படிக்கை ஏட்டில் 'இறைத்தூதர்' என்னும் சொல்லையும் நீக்க இசைந்தார்கள். சங்கிலியோடு தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) என்னும் இளைஞர் உடன்படிக்கையின்படி திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) அவர்களின் உள்ளமும் அன்று கொதித்தது. ஆயினும் மறை அதனைத் தெளிவான வெற்றி எனக் குறித்தது. இரண்டாண்டுகளில், கி.பி. 630இல், பதினாயிரம் பேருடன் மக்காவிற்குள் நுழையும் நிலை உருவாயிற்று. போர் ஓய்ந்த அவ்விடைக்காலத்தில் மக்கள் ஒருவரோடொருவர் அச்சமின்றிப் பேசியதே இம்மாற்றத்திற்குப் பெருங்காரணம் என்பர். அன்றைய நாளின் இழப்பை மட்டும் கணக்கிட்டிருந்தால் ஹுதைபிய்யா தோல்வியே. கணக்கின் கால அளவை நீட்டிய போதே அதன் உண்மைப் பொருள் விளங்கிற்று. அதே வேளையில் அபூஜந்தலின் சங்கிலியை மறந்துவிட்டு அவ்வெற்றியைப் பேசுவதும் நேர்மையன்று. பொறுமைக்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் ஒரு சமுதாயம் நினைவில் வைத்தல் வேண்டும்.

சீறா நூல் எழுந்த வரலாறு

மேற்கண்ட நபி வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாக்கிய உமறுப்புலவரின் நூல் வரலாறே பொறுமைக்குச் சான்றாக அமைகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறுவுக்குக் காப்பியம் பாட வேண்டிய செய்திகள் எளிதில் கிட்டவில்லை. அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் முதலில் அவருக்கு வரலாற்றுச் செய்தி தர மறுத்தார்கள் என்றும், பின்னரே இசைந்தார்கள் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது. நூல் நிறைவுறுமுன் புரவலர் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்கள் எழுந்தன. எனினும் நபிகளாரின் இறுதிக்காலம் வரை நூல் செல்லவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச்சீறா' எனப் பாடினார். ஏட்டில் இருந்த சீறாவை 1842இல் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம்.

ஒருவர் தொடங்க, ஒருவர் தாங்க, வேறொருவர் நிறைவு செய்ய, ஒன்றரை நூற்றாண்டு கடந்து மற்றொருவர் அச்சிட்டார். முதலில் ஏடெடுத்த புலவர் அச்சு நூலைக் காணவில்லை. தம் வாழ்நாளுக்குள் முடியாத பணியையும் முழு மனத்துடன் தொடங்குவதே நெடுநம்பிக்கை என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கியச் சான்று வேண்டுவதில்லை. மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு கூறும் நபிமொழியின் கருத்தும் இதுவே.

கடையநல்லூர் நெசவாளரும் கடல் கடந்த பள்ளியும்

நம் வட்டாரத்தில் தறித்தொழிலும் முஸ்லிம் வாழ்வும் நெடுங்காலம் இணைந்திருந்தன. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்து அடங்கிய ஞானி பீர்முகம்மது அப்பா நெசவு செய்து வாழ்ந்தவர். அவரது 'ஞானப்புகழ்ச்சி' இன்றும் ஆண்டுதோறும் தக்கலையில் இரவு முழுவதும் ஓதப்பெறுகின்றது. குழித்தறியில் அமர்ந்தவர்க்குப் பொறுமை நூலில் படித்து அறியும் பொருளன்று. இழை அறுந்தால் பாவை அறுத்தெறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்டு மீண்டும் நெய்தாக வேண்டும். ஆயிரம் இழைகளுள் அறுந்தது எது எனக் கண்டறியும் கண்ணும், அதனை முடியும் விரலுமே நெசவாளனின் சபூர் ஆகும்.

ஆலைத்துணியின் போட்டியாலும் பஞ்சத்தாலும் கைத்தறி நலிந்த காலத்தில், கடையநல்லூர், தென்காசி ஆகிய ஊர்களின் முஸ்லிம்கள் பலர் கடல் கடந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். சிங்கப்பூரில் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூரார் செறிந்து வாழ்ந்தனர். ஆடவர் துறைமுகக் கூலிகளாகவும் சிறு வணிகராகவும் உழைத்தனர். அக்காலத் தமிழ் முஸ்லிம் ஆடவர் பெரும்பாலும் தனியராகவே கடல் கடந்திருக்க, கடையநல்லூரார் குடும்பத்துடன் குடியேறினர். அப்பெண்கள் சந்தைகளில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்தனர். 1941இல் அவர்கள் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பை உருவாக்கினர்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூர்மீது ஜப்பானியரின் குண்டுகள் விழத் தொடங்கின. 1942 பிப்ரவரி 15இல் நகரம் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுக்கால ஆதிக்கத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு, ஊருக்குக் கடிதம் இல்லை, கப்பல் இல்லை. சிங்கப்பூரில் இருந்தவர்கள் உயிருடன் உள்ளார்களா என்பதைத் தாயகத்தார் அறிய வழியில்லை. இங்கே கடையநல்லூரிலும் தென்காசியிலும் வாசலை நோக்கியே காலம் கழித்த குடும்பங்கள் எத்தனையோ! 1945 செப்டம்பரில் ஆதிக்கம் நீங்கியது. ஜப்பானியர் அச்சிட்ட பணம் வெறும் தாளாயிற்று. சேமித்தவை கரைந்தன.

அத்தகைய நிலையில், மறு ஆண்டே, 1946இல், அம்மக்கள் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப்புலவர் என்பதாகும். கூலி வேலை செய்து, மசாலா அரைத்து வாழ்ந்த மக்கள், போரின் புழுதி அடங்குமுன், பிள்ளைகளின் கல்விக்குக் கால்கோள் செய்தனர் என்பதை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். தொடக்கப் பள்ளியாய் எழுந்த அது பின்னர் வளர்ந்து, சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளியாகத் திகழ்ந்தது. சமய வேறுபாடின்றித் தமிழ்ப் பிள்ளைகள் அங்குக் கற்றனர்.

ஆங்கிலவழிக் கல்வியின் செல்வாக்குப் பெருகவே மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 1982இல் பள்ளி மூடப்பட்டது. அவ்வாறாயின் நிறுவியோரின் நம்பிக்கை பொய்த்ததா? நாம் அவ்வாறு கருதவில்லை. அப்பெயர் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையமாகத் தொடர்கின்றது. பல பள்ளிகளின் மாணவர்கள் அங்கே தமிழ் பயில்கின்றனர். நம்பிக்கை எவ்வடிவில் விளைகின்றது என்பதை விதைத்தவர் முன்கூட்டியே முடிவு செய்ய இயலாது. கட்டடம் மூடப்படலாம், மொழி மூடப்படவில்லை.

1947க்குப் பின் தமிழகத்தில்

நாட்டுப் பிரிவினைக்குப் பின் இந்திய முஸ்லிம்கள் ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டனர். பழைய தலைவர்களுள் பலர் புலம்பெயர்ந்தனர். 'நமக்கு இனி எதிர்காலம் உண்டா?' என்னும் வினா வீடுதோறும் எழுந்த காலம் அது. 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமையை ஏற்றார்கள். அஞ்சி ஒடுங்காமலும் ஆத்திரப்படாமலும் அரசியல் சட்டத்தின் வழியே உரிமை கேட்கும் நெறியை அவர்கள் 1972இல் மறையும் வரை கைக்கொண்டார்கள்.

அதே காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் செய்த மற்றொரு பணி கல்லூரிகளை நிறுவியதாகும். 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும், 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும் தோன்றின. 1971இல் பாளையங்கோட்டையில் எழுந்த கல்லூரி, உமறுவின் ஆசானாகக் கருதப்பெறும் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரைத் தாங்கிற்று. தோல் வணிகமும் கடல் வாணிகமும் செய்தோர் ஈட்டிய பொருள் வகுப்பறைகளாயிற்று. அவ்வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அமர்ந்தனர். ஐயக்கண்ணுக்கு அம்மக்கள் அளித்த மறுமொழி இதுவே. அவர்கள் நட்ட மரங்களின் நிழலில்தான் நாம் இன்று அமர்ந்து பொறுமையைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றோம்.

பொறுமையின் எல்லை

இவ்வரலாறுகளை மட்டும் கூறி முடித்தால் உண்மையின் ஒரு பகுதியை மறைத்தவராவோம். பொறுமை எப்போதும் கண்காணப் பயனளித்துவிடுவதில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் அம்மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வீடு, கடை, நகை, வளர்த்த ஆடு மாடு யாவற்றையும் விட்டு, எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வெளியேறினர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகு வேய்ந்த குடில்களில் தங்கினர். அவர்கள் பேசிய மொழி தமிழ். அவர்களை வெளியேற்றியோர் பேசிய மொழியும் தமிழ்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அவ்வியக்கத்தின் சார்பில் பேசிய அன்ரன் பாலசிங்கம், அது நியாயப்படுத்த இயலாத அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். 2009இல் போர் முடிந்த பின்னரும் மீள்குடியேற்றம் எளிதாயிருக்கவில்லை. காடு மூடிய நிலங்களும் இடிந்த வீடுகளும் அவர்களை எதிர்கொண்டன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊராகிவிட்டது. எனினும் அம்மக்கள் முகாம்களில் பள்ளிகளையும் பள்ளிவாசல்களையும் அமைத்தனர். பழைய ஊர்களின் பெயரையும் நினைவையும் விடாது காத்தனர். தமக்கு நேர்ந்ததைப் பதிவு செய்யுமாறு கோரினர். குடிமக்கள் ஆணையம் ஒன்று அவர்தம் வாக்குமூலங்களைக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது.

இவர்களிடம் சென்று 'சபூர் செய்யுங்கள்' என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? தீங்கிழைத்தவர் பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையை உபதேசித்தல் கூடாது. வேடிக்கை பார்த்தவர் கூறுவதும் தகாது. தம் தோளையும் உடன் கொடுப்பவரே அச்சொல்லைக் கூறத் தகுதியுடையவர். யஃகூப் நபியின் பொறுமையை முன்னரே கண்டோம். அவர் நேர்ந்ததை மறக்கவில்லை, தேடுவதை நிறுத்தவுமில்லை. நீதி கேட்பதும், நடந்ததை நடந்தவாறு எழுதி வைப்பதும் ஸப்ருக்குள் அடங்கும் கடமைகளே.

முடிவுரை

'எத்தனை நாளைக்கு?' என்னும் மாணவர் வினாவிற்கு இனி விடை கூறலாம். நாள் எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. கணவாயில் மூன்றாண்டுகள், ஹுதைபிய்யாவிற்குப் பின் இரண்டாண்டுகள், சீறா அச்சேற ஒன்றரை நூற்றாண்டு, வடபுல மக்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் முடிவுறாத காத்திருப்பு. ஆனால் 'அந்நாள்களில் என்ன செய்வது?' என்னும் வினாவிற்கு விடை உண்டு. கடையநல்லூரார் பள்ளி கட்டினர். புலவர் ஏட்டில் எழுதினார். தமிழக வணிகர் கல்லூரி நிறுவினர். புத்தளத்து மக்கள் தம் ஊரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர்.

எனவே மாணவர்கள் ஆத்திரத்தையும் சோர்வையும் ஒருசேர அஞ்சுதல் வேண்டும். இரண்டும் இன்றைய நாளை மட்டுமே காண்பன. பெரியவர்கள் 'சபூர் செய்' எனக் கூறும்போது, அதனோடு ஒரு பணியையும் ஓர் உதவியையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு மறுதேர்வுக் கட்டணமும், வேலையிழந்தவர்க்கு அறிமுகம் ஒன்றும், அநீதிக்கு ஆளானவர்க்கு உடன் நின்று எழுதும் விண்ணப்பமும் அச்சொல்லோடு செல்லுமாயின், அது வாயை அடைக்கும் சொல்லாகாது; கைதூக்கிவிடும் சொல்லாகும்.

கீழப்பாவூர்க் குளம் இவ்வாண்டு நிரம்புமா என்பதை இறைவனே அறிவான். மடையைச் செப்பனிட வேண்டிய கடமை நம்முடையது. இழை அறுந்த இடத்தைத் தேடி முடிவோம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.